கிராபிக்ஸ் கார்டையும் தண்ணீர் லூப்பில் சேர்த்தேன்

போன மாதம் வரை என் கம்ப்யூட்டரில் தண்ணீர் ஓடியது பிராசஸருக்கு மட்டும்தான். தண்ணீரைச் சுற்றவைக்கும் ஒரு டி5 பம்ப், அதைத் தேக்கிவைக்கும் ரிசர்வாயர், சூட்டைக் காற்றில் விடும் 360 மி.மீ. ரேடியேட்டர், பிராசஸர் மேல் உட்கார்ந்து அதன் சூட்டைத் தண்ணீருக்கு மாற்றும் சிபியு பிளாக், நடுவில் கண்ணாடி போன்ற பிவிசி டியூப். இந்தச் சுற்றுதான் லூப். இரண்டு வருடம் எந்தத் தொந்தரவும் இல்லை. சத்தமெல்லாம் ஆர்டிஎக்ஸ் 3080 கிராபிக்ஸ் கார்டிலிருந்துதான் வந்தது. 320 வாட் சூட்டை அதன் மூன்று ஃபேன்களும் போராடித்தான் வெளியேற்றும். முழு வேலை கொடுத்தால் சிப் 76 டிகிரி, மெமரி 104 டிகிரி. இந்த ஜிடிடிஆர்6எக்ஸ் மெமரி 110 டிகிரியை எட்டினால் கார்டு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மெமரிதான் என்னை இந்த வேலையில் இறக்கியது.

முதலில் கார்டுக்கான பிளாக். 3080 என்ற பெயர் ஒன்றாக இருந்தாலும் ஒவ்வொரு கார்டின் போர்டும் ஒவ்வொரு மாதிரி. ஒரே மாடலிலேயே பின்னால் வந்த பதிப்பில் கெப்பாசிட்டர்களை இடம் மாற்றிவிடுகிறார்கள். அதனால் கார்டின் ஸ்டிக்கரில் உள்ள முழு மாடல் எண்ணை பிளாக் நிறுவனத்தின் பட்டியலோடு ஒப்பிட்டேன். அப்புறம் போர்டின் படத்தைப் பெரிதாக்கி, ஒவ்வொரு மின்சுருளும் எங்கே நிற்கிறது என்று பிளாக்கின் அடிப்பக்கப் படத்தோடு சேர்த்துப் பார்த்தேன். ஒரு மாலை முழுக்க இதிலேயே போனது. போனால் போகட்டும், பிளாக் பொருந்தாமல் போவதைவிட இது மேல்.

ஒற்றை 360 ரேடியேட்டர் இரண்டு பேரின் சூட்டையும் தாங்கும்தான், ஆனால் ஃபேன்களை வேகமாக ஓட்ட வேண்டியிருக்கும். சத்தத்தைக் குறைக்கத்தானே இந்த வேலையே. அதனால் முன்பக்கத்தில் ஒரு 240 ரேடியேட்டரும் சேர்த்தேன். பழையதைப் போலவே இதிலும் தண்ணீர் படும் இடமெல்லாம் செம்பும் பித்தளையும்தான். பிளாக்குகள் நிக்கல் பூசிய செம்பு. இந்தக் கூட்டத்தில் அலுமினியம் மட்டும் நுழையக் கூடாது. நுழைந்தால் அதுதான் முதலில் அரித்துப்போகும். புது ரேடியேட்டரில் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிக் குலுக்கினேன். முதல் தடவை கறுப்புத் துணுக்குகள் வந்தன. ஐந்தாவது தடவைதான் தண்ணீர் தெளிந்தது.

பழைய லூப்பை வடித்தபோது எதிர்பாராத ஒன்றைப் பார்த்தேன். சிபியு பிளாக்கைத் திறந்தால் உள்ளே மயிரிழை போன்ற செம்புத் தகடுகளின் இடுக்கில் வெள்ளையாக, பிசுபிசுவென்று ஒரு படிவு. நகத்தால் தொட்டால் மெழுகு போல ஒட்டியது. பாசி இல்லை, துரு இல்லை. பிவிசி டியூப்பை வளையவைக்கும் பிளாஸ்டிசைசர்தான் மெல்ல மெல்ல லூப்பில் ஓடும் கூலன்ட் திரவத்தில் கரைந்து, மிகக் குறுகலான இடத்தில் வந்து தங்கியிருக்கிறது. டியூப்பும் உள்ளே பால் போல மங்கியிருந்தது. பழைய டூத்பிரஷ்ஷால் தகடுகளின் வாக்கிலேயே தேய்த்துச் சுத்தம் செய்தேன். டியூப் எல்லாவற்றையும் மாற்றிவிட்டேன், இந்த முறை கறுப்பு இபிடிஎம் ரப்பர். உள்ளே ஓடும் தண்ணீர் தெரியாது, ஆனால் இந்தப் படிவும் வராது. அழகா, நிம்மதியா என்று கேட்டால் எனக்கு நிம்மதி போதும்.

கார்டைப் பிரிக்கும் முன் பத்து நிமிடம் ஒரு கேம் ஓட்டிச் சூடாக்கிக்கொண்டேன், சிப்புக்கும் கூலருக்கும் நடுவே உள்ள தெர்மல் பேஸ்ட் இளகட்டும் என்று. பிறகு கம்ப்யூட்டரை அணைத்து, கார்டைக் கழற்றி, ஸ்க்ரூக்களை எடுத்தேன். கூலரை நேராக மேலே இழுக்காமல் இடமும் வலமும் லேசாகத் திருகினால் விட்டுக்கொடுக்கும். முழுதாகத் தூக்குவதற்குள் அடியில் எட்டிப் பார்க்க வேண்டும்: ஃபேனுக்கும் விளக்குக்கும் போகும் மெல்லிய ஒயர்கள் போர்டில் செருகியிருக்கும். அவற்றை விடுவித்துவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்ததும் சிப் கண்ணாடி போல மின்னியது. 628 சதுர மி.மீ., அதாவது ஒரு பெரிய தபால்தலை அளவு. அதைச் சுற்றிப் பத்து மெமரி சில்லுகள்.

பேஸ்ட்டைச் சிப் முழுவதும் மெல்லிதாகப் பரப்பினேன். மேலே உலோக மூடி இல்லாத சிப் என்பதால் ஒரு மூலைகூட விடுபடக் கூடாது. மெமரிக்கு 1 மி.மீ. பேட் (சூட்டைக் கடத்தும் மெத்தென்ற பட்டை), பவர் பகுதிக்கு 1.5 மி.மீ. பேட் என்று பிளாக்கின் வரைபடத்தில் இருந்தது. வெட்டி ஒட்டி, நடு நான்கு ஸ்க்ரூக்களையும் குறுக்கும் நெடுக்குமாக அரைச் சுற்று அரைச் சுற்றாக முடுக்கினேன்.

லூப்பின் வரிசையைப் பற்றி நிறையப் பேர் தலையை உடைத்துக்கொள்கிறார்கள். ரிசர்வாயரின் தண்ணீர் நேராகப் பம்புக்கு இறங்கினால் போதும், மற்றதை டியூப் எப்படி அழகாக வளைகிறதோ அப்படியே போடலாம். மணிக்கு 200 லிட்டர் ஓட்டத்தில் 400 வாட் சூடு ஏறினாலும், சுற்றின் எந்த இரண்டு இடத்துக்கும் நடுவே தண்ணீரின் வித்தியாசம் 2 டிகிரிக்குள்தான். ஒன்றை மட்டும் பார்க்க வேண்டும்: பிளாக்கில் உள்ளே போகும் துளை எது, வெளியே வரும் துளை எது என்று குறித்திருந்தால் அதை மாற்றக் கூடாது.

தண்ணீர் ஊற்றும் முன் காற்றடித்துச் சோதித்தேன். மானி 0.5 பார் காட்டியது. பத்து நிமிடத்தில் 0.4 ஆகிவிட்டது. ஒவ்வொரு பகுதியாகப் பிரித்துச் சோதித்ததில், கார்டு பிளாக்கில் நான் பயன்படுத்தாத துளையின் மூடி சரியாக இறுகவில்லை என்று தெரிந்தது. கால் சுற்று கையால் திருகியதும் முள் அரை மணி நேரம் அசையவே இல்லை. தண்ணீர் இருந்திருந்தால் அது நேராகக் கார்டின் மேல்தான் சொட்டியிருக்கும்.

அப்புறம் மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகும் கேபிள்களைக் கழற்றி, மதர்போர்டு இல்லாமலே பவர் சப்ளையை இயக்கும் ஜம்பர் போட்டுப் பம்பை மட்டும் ஓட்டி நிரப்பினேன். தம்பி கேபினட்டைப் பிடித்து முன்னும் பின்னும் சாய்க்க, ரேடியேட்டரில் மாட்டியிருந்த காற்று கொப்பளித்துக்கொண்டு வந்தது.

கேபிள்களை மாட்டி, முழு வேலை கொடுத்துச் சோதித்துப் பார்த்தபோது மனம் விட்டுப்போனது. தண்ணீர் 37 டிகிரி, சிப் 66, சிப்பிலேயே மிகச் சூடான இடமான ஹாட்ஸ்பாட் 95. சிப்புக்கும் ஹாட்ஸ்பாட்டுக்கும் 29 டிகிரி இடைவெளி. தண்ணீர் குளிர்ச்சியாக இருக்கும்போது சிப் மட்டும் இவ்வளவு சுடுகிறது என்றால் ரேடியேட்டரையோ பம்பையோ குறை சொல்ல முடியாது. சிப்பும் பிளாக்கும் சரியாகத் தொடவில்லை, அவ்வளவுதான்.

மறுபடி வடித்து, மறுபடி கழற்றினேன். பேஸ்ட்டே நடந்ததைச் சொல்லிவிட்டது. வலது ஓரத்தில் அது நசுங்கி, சிப்பின் மேல் பொறித்த எழுத்து தெரியும் அளவுக்கு மெலிந்திருந்தது. இடது ஓரத்தில் நான் பரப்பிய கனம் அப்படியே, பிளாக் தொட்ட அடையாளமே இல்லை. இடப்பக்க மெமரியின் பேட்டை வெர்னியர் காலிப்பரில் லேசாகப் பிடித்துப் பார்த்தேன்: 1.5 மி.மீ. இரண்டு கனமும் ஒரே சாம்பல் நிறம், வெட்டும்போது பட்டையை மாற்றி எடுத்திருக்கிறேன். அரை மி.மீ. அதிகமான பேட் அந்தப் பக்கத்தைத் தூக்கிப்பிடிக்க, பிளாக் சிப்பின் மேல் சரிந்து உட்கார்ந்துவிட்டது. இந்த முறை ஒவ்வொரு பட்டையையும் அளந்து, பேனாவால் கனத்தைக் குறித்துவிட்டே வெட்டினேன். பிளாக்கைப் பொருத்தி, உடனே ஒருமுறை கழற்றிப் பேஸ்ட்டின் பதிவைப் பார்த்தேன். நான்கு மூலையும் ஒரே மாதிரி இருந்தது. துடைத்துவிட்டுப் புதுப் பேஸ்ட் வைத்து மூடினேன். இந்த ஒரு நடையை முதல் தடவையே செய்திருந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மிஞ்சியிருக்கும்.

இப்போது அதே வேலையில் தண்ணீர் 37, சிப் 51, ஹாட்ஸ்பாட் 62, மெமரி 72. கேம் ஓடும்போது பிராசஸர் முன்பைவிட 5 டிகிரி கூடுதலாகச் சுடுகிறது. கார்டு சூடாக்கிய தண்ணீர்தானே அதற்கும் வருகிறது, அது சரிதான். ஃபேன் வேகத்தைப் பிராசஸர் சூட்டோடு இணைத்திருந்ததை எடுத்துவிட்டுத் தண்ணீர் சென்சாரோடு இணைத்தேன். ஒரு லிட்டர் தண்ணீர் நிதானமாகத்தான் சூடேறும், அதனால் ஃபேன்கள் திடீர் திடீரென்று கத்துவதில்லை. இரவில் ஹெட்போன் இல்லாமல் விளையாட முடிகிறது.

ஒரு வாரத்தில் மீதிக் காற்றும் வெளியேறி, ரிசர்வாயரில் மட்டம் ஒரு விரற்கடை இறங்கியிருந்தது. நேற்று அதை நிரப்பி மூடிவிட்டேன்.