செலரி வரிசைகள்

ஏப்ரல் 15, 2024, திங்கள்

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து லான்காஸ்டர் கவுன்டிக்குக் குடிவந்து மூன்று வாரம். பக்கத்தில் ஆமிஷ்காரர்கள்; புதிய வசதிகளை ஒதுக்கிப் பழைய முறையில் வாழும் கிறிஸ்தவர்கள். காலையில் அவர்கள் பண்ணையில் துணி காயப்போட்டார்கள். வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து கொட்டகை உச்சிவரை கப்பி மாட்டிய கயிறு. அந்தம்மா நின்ற இடத்திலிருந்தே இழுக்க, ஒவ்வொரு துணியாக வானத்தில் ஏறியது. கறுப்புக் கால்சட்டைகள் ஏழு, பெரிசிலிருந்து சின்னது வரை. பின்னால் ஊதா, பச்சை, நீலக் கவுன்கள். திங்கள் என்றால் இங்கே துவைக்கிற நாளாம். என் துணி டிரையருக்குள் சுற்றிக்கொண்டிருந்தது.

மே 4, சனி

வேலியோரம் பேச்சு தொடங்கிவிட்டது. தங்களைப் படம் எடுக்கவே வேண்டாம் என்பவர்கள். அதனால் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. அவர்களுக்குள் எல்லாரும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். அந்த வீட்டுத் தாடி நரைத்த தாத்தாவைப் பெயர் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எனக்கு அவர் பெரியவர்தான்.

கடைசிப் பேரனுக்கு ஆறு வயசு ஆகப்போகிறது. வீட்டில் பேசுவது பென்சில்வேனியா டச்சு, அதாவது ஒருவகை ஜெர்மன். ஆங்கிலம் இனிமேல் பள்ளிக்கூடத்தில்தான். அவன் அவன் பாஷையில் பேச, நான் தமிழில் பேச, கோழிக்குஞ்சு ஒன்றைப் பற்றி ரொம்ப நேரம் பேசினோம்.

ஆமிஷ் அல்லாத எல்லாரும் அவர்களுக்கு 'இங்கிலீஷ்'. மதுரைக்காரன் இங்கிலீஷ்காரன் ஆனதைப் போனில் சொன்னேன். அம்மா சிரித்து முடிக்க நேரமாயிற்று.

ஜூன் 12, புதன்

பக்கத்து வீட்டுப் பாட்டியை என் காரில் கண் டாக்டரிடம் கூட்டிப்போனேன். 14 மைல்; குதிரை வண்டிக்குத் தாங்காது. கார் சொந்தமாக வைத்துக்கொள்ளக் கூடாது, அடுத்தவர் காரில் ஏறலாம். போனும் அப்படித்தான்: வீட்டுக்குள் கூடாது, வயலோரம் ஒரு சின்னக் கூண்டுக்குள் இருக்கலாம். இதென்ன சாமர்த்தியம் என்று உள்ளுக்குள் கேலியாகத்தான் நினைத்தேன். கேட்டேவிட்டேன். "வீட்டுக்குள்ளே வைத்தால் சாப்பிடும்போது யாராவது வந்து உட்கார்ந்துவிடுவார்களே" என்றார் பெரியவர். அப்போது என் சட்டைப் பையில் போன் அதிர்ந்துகொண்டிருந்தது.

திரும்பி வந்ததும் மைலுக்கு இவ்வளவு என்று எண்ணி நீட்டினார். பக்கத்து வீட்டுக்காரரிடம் வாடகை வாங்குவதா? கையைத் தள்ளிவிட்டேன். மறுபடி நீட்டினார், மறுபடி தள்ளினேன். பணத்தை மடித்து வைத்துக்கொண்டு ஒன்றும் பேசாமல் போனார்.

ஜூன் 26, புதன்

பாட்டிக்கு இரண்டாவது தடவை. யாரோ ஓட்டிவந்த வாடகை வேன் வாசலில் நின்றது. என்னைக் கூப்பிடவில்லை. நாள் முழுக்க எரிச்சல். அப்புறம் ராத்திரி உறைத்தது: ஒருமுறை சும்மா வந்தால் மறுமுறை எப்படிக் கேட்பார்கள்?

ஜூன் 28, வெள்ளி

போய்ச் சொன்னேன்: "கொடுங்கள், வாங்கிக்கொள்கிறேன்." அன்றைக்குப் போன 14 மைலுக்கும் திரும்பி வந்த 14 மைலுக்கும் சேர்த்து எண்ணிக் கொடுத்தார். கூடவே ஒரு பாட்டில் பீட்ரூட் ஊறுகாய். அதற்குக் கணக்கில்லை.

ஆகஸ்ட் 10, சனி

அவர்கள் தோட்டத்தில் செலரி, தண்டைச் சாப்பிடுகிற ஒருவகைக் கீரை, எட்டு வரிசை! ஒரு குடும்பம் எவ்வளவு செலரி தின்னும்? கடைக்காரர் கண்ணடித்தார்: செலரி அதிகம் போட்டால் அந்த வீட்டில் கல்யாணம். ஆனால் சர்ச்சில் அறிவிக்கும்வரை ரகசியமாம். "யாருக்குக் கல்யாணம்?" என்று கேட்டுப் பார்த்தேன். "சூப்புக்கு நல்லது" என்றார் பெரியவர், முகத்தில் ஒரு சுருக்கம் அசையாமல்.

செப்டம்பர் 7, சனி

ஏழு மணிக்கு வரச் சொன்னார்கள், போனேன். அவர்கள் கடிகாரத்தில் ஆறு. கோடையில் அமெரிக்காவில் பெரும்பாலான இடங்களில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தாலும் இவர்கள் பழைய நேரத்தை விடவில்லை. அதற்குப் பெயர் 'மெது நேரம்'. பால் கறந்துகொண்டிருந்தவர்கள் என்னைச் சும்மா உட்கார விடுவார்களா? கையில் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டார்கள்.

நவம்பர் 19, செவ்வாய்

கல்யாணம். மூத்த பேத்திக்கு. செவ்வாய், வியாழன்தான் இவர்களுக்கு முகூர்த்த நாள். அறுவடையெல்லாம் முடிந்திருக்க வேண்டும். முதுகு சாயாத பெஞ்சில் மூன்று மணி நேரத்துக்கு மேல், ஆண்கள் ஒருபக்கம், பெண்கள் ஒருபக்கம். பாட்டும் பிரசங்கமும் ஜெர்மனில். மோதிரம் இல்லை, முத்தம் இல்லை. முதுகு விட்டுப்போயிற்று என்பதை ஒளிக்க விரும்பவில்லை.

பந்தியில் ரொட்டித் துண்டோடு கலந்த கோழி, உருளைக்கிழங்கு மசியல், பாலேட்டில் வேகவைத்த செலரி. பூச்சாடி இருக்க வேண்டிய இடத்தில் கண்ணாடி ஜாடி நிறைய இலையோடு செலரித் தண்டு. எதிரே பெரியவர் ஒன்றை உருவி என் தட்டில் வைத்தார்.

"சூப்புக்கு நல்லது" என்றேன்.

அன்றைக்கு அசையாத முகம் இன்றைக்குத் தாடியோடு குலுங்கியது.