காளிகேசத்து நத்தைக்கு ஒரு பதிவு எண் வாங்குவதற்குள்

நேற்று பதிவு எண் வந்துவிட்டது. காளிகேசம், மாறாமலை பக்கம் நான் எடுத்த நத்தைகள் இனி முறைப்படி ஓர் அருங்காட்சியகத்தின் சொத்து. என் ஆய்வில் யாருக்காவது சந்தேகம் வந்தால் அந்த எண்ணைச் சொல்லி "போய்ப் பாருங்கள்" என்று விட்டுவிடலாம். சந்தோஷம்தான், ஆனால் எரிச்சல் இன்னும் முழுசாக அடங்கவில்லை. அது ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் தவளை, பூச்சி, செடி என்று எதையாவது சேகரிக்கக் கிளம்பும் பிள்ளைகளுக்கு உதவும்.

முதல் சிக்கல் நத்தை எந்தத் துறையின் கீழ் வருகிறது என்பதில் தொடங்கியது. காட்டில் நத்தை சேகரிக்க அனுமதி கேட்ட என் விண்ணப்பம் போய்ச் சேர்ந்த அலுவலகத்தில் (எது என்று சொல்லப் போவதில்லை) மேசையில் இருந்தவர் படத்தைப் பார்த்துவிட்டு "சங்கா தம்பி?" என்றார். காட்டு நத்தை சார் என்றேன். "ரெண்டும் ஒண்ணுதானே, அது மீன் ஆபீஸ்ல பாக்கணும்" என்று கோப்பை மூடிவிட்டார். அவர் சொன்னாரே என்று வெயிலில் போனால் அங்கே சிரித்தார்கள், டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினார்கள். கன்னியாகுமரி கடற்கரைக் கடைகளில் சங்கும் சிப்பியும் பார்த்துப் பழகிய ஊர் இது, ஓடு என்றாலே கடல்தான் நினைவுக்கு வரும் போல.

மறுபடி வந்தபோது வாதம் மாறிவிட்டது. நத்தை வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பு அட்டவணையில் இல்லாத உயிர், அதற்கு எதற்கு அனுமதி என்றார். கேட்க நன்றாகத்தான் இருக்கும், இதை நம்பி மட்டும் காட்டுக்குள் போய்விடாதீர்கள். அந்த இடம் 2008-இல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வனவிலங்கு சரணாலயத்துக்குள் வருகிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 28-ஆம் பிரிவுப்படி ஆராய்ச்சிக்காக உள்ளே கால் வைப்பதற்கே அனுமதி வேண்டும், நீங்கள் தேடுவது யானையா நத்தையா என்பது அப்புறம்தான். அந்தப் பிரிவை அச்செடுத்துக் கையில் வைத்திருந்தேன், அதனால் வேலை நடந்தது.

அடுத்து இனப் பட்டியல் கேட்டார்கள். என்னென்ன இனம், ஒவ்வொன்றிலும் எத்தனை. அங்கே என்ன இருக்கிறது என்று தெரியாததால்தானே சார் போகிறேன் என்றால், "பேரு தெரியாத ஜந்துவுக்கு நான் எப்படி நோட் போடுவேன்?" அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, ஆனால் கோப்பு அசையவில்லையே. கடைசியில் 'பிரிட்டிஷ் இந்திய விலங்கினம்' என்ற பழைய நூல் வரிசையில் நில நத்தைகளுக்கென்றே 1908, 1914, 1921-இல் வந்த மூன்று தொகுதிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, திருவிதாங்கூர், திருநெல்வேலி மலைகள் என்று குறிப்பிட்டிருந்த இனங்களையெல்லாம் வரிசையாகத் தட்டச்சு செய்து கொடுத்தேன். லத்தீன் பெயர்களைப் பார்த்த திருப்தியில் கோப்பு நகர்ந்தது. கீழே "இவை தவிர, களத்தில் காணப்படும் பிற நில நத்தைகளும்" என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். என்னைக் காப்பாற்றியது அந்த வரிதான்.

அனுமதி எப்போது வந்தது தெரியுமா? பிப்ரவரியில். மார்ச் 31 வரை செல்லும். ஜூனில் ஒரு மழை, அக்டோபரில் ஒரு மழை என்று இரண்டு பருவமும் கிடைக்கிற அதிர்ஷ்டக்கார மாவட்டம் இது. அந்த மழைகளையெல்லாம் கோப்புக்குள் கழித்துவிட்டு, நத்தைகள் ஓட்டின் வாயை அடைத்துக்கொண்டு உறங்கும் காலத்தில் காகிதத்தைக் கையில் கொடுத்தார்கள். சரி, கோடையில் செய்யக்கூடிய வேலை ஒன்று உண்டு: காய்ந்த இலைச்சருகை அள்ளி, ரவை சல்லடையில் சலித்து, கீழே விழுவதை வெள்ளைத் தட்டில் பரப்பிப் பாருங்கள். கடுகளவு ஓடுகள் கிடைக்கும். நம்ம மலை சார்னோகைட் பாறை, சுண்ணாம்புச் சத்து குறைவு, அதனால் ஓடுகள் மெலிசாக இருக்கும், இடுக்கியால் அழுத்தினால் போச்சு. ஈரமான பூத்தூரிகை முனையில் ஒட்டி எடுங்கள்.

உயிருள்ளது கிடைத்தால் கொதித்து ஆறிய தண்ணீரில் ராத்திரி முழுக்க மூழ்க விட வேண்டும், அப்போதுதான் உடல் வெளியே நீளும். பல நத்தைகளில் ஓட்டை மட்டும் வைத்து இனம் சொல்ல முடியாது, இனப்பெருக்க உறுப்பை அறுத்துப் பார்க்க வேண்டும். பிறகு 95 சதவீத ஆல்கஹால். ஃபார்மலின் பக்கமே போகாதீர்கள், ஓட்டையும் அரிக்கும், டி.என்.ஏ.வையும் கெடுக்கும். மர அலமாரியும் வேண்டாம். மரத்திலிருந்து கசியும் அமில ஆவி பட்டு ஓட்டில் வெள்ளையாகப் பூக்கும், பைன் (Byne) நோய் என்பார்கள். எங்கள் கல்லூரியின் பழைய அலமாரியில் பாதி ஓடுகள் அப்படித்தான் மாவாகிக் கிடக்கின்றன.

ஒப்பிட்டுப் பார்க்க லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் இணையத் தரவைத்தான் நம்பியிருந்தேன். எட்டு கோடி மாதிரிகள் உள்ள இடம். கன்னியாகுமரி என்று தேடிப் பயனில்லை, பழைய சீட்டுகளில் 'தெற்குத் திருவிதாங்கூர்' என்றுதான் இருக்கும். 1956 நவம்பர் 1 வரை நாம் அங்கேதானே இருந்தோம். பிரிட்டிஷ் காலத்தில் இந்திய நத்தைகளைச் சேகரித்த பெட்டோம், பிளான்ஃபோர்டு, காட்வின்-ஆஸ்டின் ஆகியோரின் சேகரிப்புகள் லண்டனில் இருக்கின்றன, அதே காலத்து பென்சன் பெயர் சூட்டியதைத் தேடுகிறீர்கள் என்றால் கேம்பிரிட்ஜ் விலங்கியல் அருங்காட்சியகத்துக்கு எழுதுங்கள். படம் கேட்டு மின்னஞ்சல் போட்டேன், அளவுகோல் வைத்து எடுத்து அனுப்பினார்கள், அவ்வளவுதான். இந்தப் பிளான்ஃபோர்டு உண்மையில் நிலவியல் துறைக்காரர், பாறை பார்க்கப் போன இடத்திலெல்லாம் நத்தையும் பொறுக்கியிருக்கிறார். அவரிடம் யாரும் இனப் பட்டியல் கேட்டிருக்க மாட்டார்கள்.

"மாதிரியையே லண்டனுக்கு அனுப்பிடேன்" என்று சொல்ல ஆள் வருவார்கள். சென்னையில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையத்தின் அனுமதி இல்லாமல் அப்படி எதுவும் செய்துவிடாதீர்கள், பெரிய வம்பு.

கடைசி அடி ஒப்படைக்கும் இடத்தில் விழுந்தது. ஆல்கஹால் என்றதும் கூரியர்காரர் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். உலர்ந்த ஓடுகளை மட்டும் பெட்டியில் அடுக்கி நானே ராத்திரி ரயிலில் கொண்டுபோனேன். அங்கே அனுமதிக் கடிதத்தை வரி வரியாகப் படித்த பெண் அலுவலர், "சேகரித்தவை கல்லூரியிலேயே பாதுகாக்கப்பட வேண்டும்" என்ற நிபந்தனையைக் காட்டி, வாங்க முடியாது தம்பி என்றார். பெட்டியோடு திரும்பி வந்தேன். 2002 பல்லுயிர்ச் சட்டத்தின் 39-ஆம் பிரிவு புது இனம் கண்டால் அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது, கடிதமோ கல்லூரியை விட்டு வெளியே விடாதே என்கிறது. யாரோ பழைய கடிதத்தை அப்படியே நகலெடுத்து, தேதியை மட்டும் மாற்றியிருக்கிறார்கள். திருத்தக் கடிதம் வாங்க கைடு மேடமே நேரில் வந்து உட்கார வேண்டியிருந்தது. அனுமதி கைக்கு வந்ததும் 'ஒப்படைக்கலாம்' என்ற சொல் அதில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் அந்த மேசையை விட்டு நகராதீர்கள்.

லண்டன் படங்களோடு வைத்துப் பார்த்ததில் ஒரு குட்டி ஓடு மட்டும் எதோடும் ஒத்துவரவில்லை. புது இனம் என்று இப்போதே வாட்ஸ்அப்பில் போட்டுவிடாதீர்கள், முழு வளர்ச்சி அடையாத ஓடாகவும் இருக்கலாம். உடலோடு ஒன்று கிடைக்க வேண்டும், அதற்கு மறுபடி அனுமதி வேண்டும். விண்ணப்பம் தயார், காலம் ஜூன் 1 முதல் டிசம்பர் 31 வரை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறேன்.