பெரியப்பாவின் இரட்டைக்குழல்

பதினாறாம் நாள் காரியம் முடிஞ்சு பெரியப்பாவோட பீரோவைத் திறந்தா, வேட்டிகளுக்குப் பின்னாடி கோணியில சுத்தின இரட்டைக்குழல் துப்பாக்கி. அந்துருண்டை வாசனையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் கலந்து அடிச்சுது. தென்காசிப் பக்கம் தோட்டம் இருந்தப்போ காட்டுப்பன்றியை விரட்ட வாங்கினது. கூடவே லைசென்ஸ் புத்தகம், தேர்தலுக்குத் தேர்தல் ஸ்டேஷன்ல ஒப்படைச்ச ரசீதுகள். மனுஷன் ஒண்ணைக்கூடத் தூக்கிப் போடலை.

வீடு, நகை மாதிரி இது தானா வாரிசுக்கு வராது. உரிமம் ஆளோட பேர்ல. ஆள் போனா தாமதிக்காம ஸ்டேஷன்லயோ உரிமம் பெற்ற கடையிலயோ ஒப்படைக்கணும். 1959 ஆயுதச் சட்டம் அப்படித்தான் சொல்லுது. உரிமம் இல்லாம வெச்சிருந்தா, 2019 திருத்தத்துக்கு அப்புறம் குறைஞ்சது 2 வருஷம் உள்ளே. வாரிசு தன் பேர்ல உரிமம் கேட்டு விண்ணப்பம் போடலாம். மாவட்டங்கள்ல கலெக்டர்கிட்ட, சென்னையில போலீஸ் கமிஷனர்கிட்ட.

முன்கூட்டியே ஸ்டேஷனுக்குப் போன் பண்ணினோம், ஒரு கான்ஸ்டபிள் வந்தார். ஆட்டோவுல நடுவுல துப்பாக்கி, இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர். சிக்னல்ல பக்கத்து பைக்ல இருந்தவர் கோணியைப் பார்த்து, "கரும்பா சார்?"னார்.

ரைட்டர் பிஸ்கட் டப்பாவிலிருந்த தோட்டாக்களை ரெண்டு தடவை எண்ணினார். ஏழு. குழல்ல இருந்த நம்பரை டார்ச் அடிச்சுப் படிச்சு, லைசென்ஸோட சரிபார்த்துத்தான் ரசீது தந்தார்.

"பேரனுக்கு மாத்திக்கலாமே"ன்னு பெரியம்மாகிட்ட கேட்டேன்.

"காட்டுப்பன்றி பெரம்பூர்ல எங்கடா இருக்கு?"