அப்பாவுக்கு ஒரு பட்டன் போன், மெசேஜும் காலும் போதும்

எங்க அப்பாவுக்கு தேவை ரொம்ப சின்னதுதான். போன் பேசணும், எஸ்எம்எஸ் அனுப்பணும், வர்றத படிக்கணும், வேற ஒண்ணும் வேணாம். உசிலம்பட்டில தனியா இருக்காரு, நான் சென்னை. ரெண்டு காதுலயும் மெஷின் மாட்டிருக்காரு, அதனால போன்ல பேசுறத விட மெசேஜ்தான் அவருக்கு வசதி. தபால் ஆபீஸ்ல வேலை பாத்தவரு, தந்தி எழுதி வாங்குன கை, 2013ல தந்திய நிறுத்துனப்போ கூட "சுருக்கமா எழுதுற ஒரே பழக்கமும் போச்சு"ன்னு புலம்பிட்டிருந்தாரு. இவருக்கு ஒரு டச் போன் வாங்கி குடுத்து ரெண்டு வருஷம் எல்லாரும் பட்ட பாடு போதும். கை லேசா நடுங்கும், ஒண்ண தொட்டா ஒண்ணு திறக்கும், நடுராத்திரி யாருக்காவது வீடியோ கால் போகும், போலீஸ்னு சொல்லி மிரட்டுற கால் ஒண்ணு வந்ததோட அவரே போன ஆஃப் பண்ணி பீரோல வச்சிட்டாரு.

சரி, ஒரு கீபேட் போன் வாங்கிரலாம்னு பாத்தா அதுலயும் இத்தனை விஷயம் இருக்கும்னு யாரும் சொல்லல. எல்லாரும் மொதல்ல போன வாங்கிட்டு அப்புறம் சிம்ம பத்தி யோசிக்கிறாங்க. நான் சொல்றது தலைகீழா போங்கன்னுதான், மொதல்ல வீட்டுக்குள்ள எந்த சிக்னல் நிக்குதுன்னு பாருங்க, அடுத்து பிளான், கடைசிலதான் போன்.

சிக்னல் எதுக்கு மொதல்லன்னா, எங்க வீடு பழைய வீடு, சுவரு தடி. அப்பா வச்சிருந்த சிம்முக்கு தெருவுல நாலு கட்டை காட்டும், அவரு படுக்குற ரூமுக்குள்ள வந்தா ஒண்ணு, கதவ சாத்துனா அதுவும் இல்ல. பக்கத்து வீட்டு அக்கா, பால்காரர், என் போன்னு வேற வேற கம்பெனி சிம் இருக்குற போன எல்லாம் ஒவ்வொண்ணா வாங்கி அந்த கட்டில்ல உக்காந்தே கால் போட்டு பாத்தேன். கட்டை எத்தனைன்னு பாக்காதீங்க, பேசி பாருங்க, ஒரு மெசேஜ் அனுப்பி எவ்வளவு நேரத்துல போய் சேருதுன்னு பாருங்க. எது நல்லா எடுத்துச்சோ அதுக்கு மாறுறதுன்னு முடிவு பண்ணேன். எந்த கம்பெனின்னு இங்க சொல்லி பிரயோஜனம் இல்ல, உங்க ஊரு டவர் வேற, உங்க வீட்டு சுவரு வேற.

அடுத்து 2ஜியா 4ஜியாங்குற பிரச்சனை. இது தெரியாம கடைக்கு போனா ஏமாறுவோம். ஜியோவுக்கு 2ஜி நெட்வொர்க்கே கிடையாது, கால் எல்லாமே 4ஜி வழியாதான் போகும், அதனால ஆயிரம் ரூபா 2ஜி பட்டன் போன்ல ஜியோ சிம்ம போட்டா ஒண்ணும் நடக்காது. ஏர்டெல், வோடபோன் ஐடியா, பிஎஸ்என்எல் மூணுக்கும் 2ஜி இருக்கு, அந்த சிம்முக்கு பழைய மாடல் போன் ஓடும். 2023 ஜூலைல 999 ரூபாய்க்கு வந்த ஜியோபாரத் 4ஜி போன்தான், விலையும் கம்மி, அதுக்குன்னே 28 நாளைக்கு 123 ரூபா பிளானும் விட்டாங்க, ஆனா அதுல ஜியோ சிம் மட்டும்தான் வேலை செய்யும், நாளைக்கு வேற கம்பெனிக்கு மாறணும்னா போனும் போச்சு. ஜியோவ விட்டு போக மாட்டேன்னு இருக்கறவங்களுக்கு நல்ல போன். எனக்கு அந்த கட்டு வேணாம்னு தோணுச்சு.

நான் 4ஜி கீபேட் போன்தான்னு முடிவு பண்ணதுக்கு காரணம் அப்பாவோட காது மெஷின். பழைய 2ஜி போன ரேடியோ பக்கத்துல வச்சா கால் வர்றதுக்கு முன்னாடி டர்ர் டர்ர்னு ஒரு சத்தம் வருமே ஞாபகம் இருக்கா, அதே சத்தம் காது மெஷின்லயும் கேக்கும், பேசுறவங்க குரல அது அமுக்கிரும். 2ஜி சிக்னல் விட்டு விட்டு துடிக்கிறதால வர்ற சத்தம் அது. 4ஜில வோல்டில, அதாவது கால் 4ஜி வழியாவே போற வசதில பேசுனா அந்த தொல்லை ரொம்ப குறைவு, குரலும் தெளிவு. வீட்ல காது மெஷின் போட்டவங்க இருந்தா அந்த ஐநூறு ஆயிரம் கூட போட்டு 4ஜியே வாங்குங்க, இதுல மட்டும் கஞ்சத்தனம் வேணாம்.

இப்ப பிளான். போன் ஒரு தடவை செலவு, ரீசார்ஜ் வருஷா வருஷம். முன்னாடி எந்த பிளான பாத்தாலும் டேட்டாவ தலைல கட்டிதான் குடுப்பாங்க, பட்டன் போன் வச்சிருக்குற பெரியவருக்கு ஜிபி எதுக்கு? 2024 டிசம்பர்ல போன் கம்பெனிகள கண்காணிக்குற அரசு அமைப்பு டிராய் ஒரு உத்தரவு போட்டுச்சு, காலும் எஸ்எம்எஸும் மட்டும் இருக்குற ஒரு ரீசார்ஜ் வவுச்சராவது எல்லா கம்பெனியும் வைக்கணும்னு. முன்னாடி இந்த மாதிரி வவுச்சருக்கு அதிகபட்சம் 90 நாள்தான், அத 365 நாள் வரைக்கும் போகலாம்னும் மாத்துனாங்க. 2025 ஜனவரில வந்த பிளான்தான் இதெல்லாம். மொதல்ல ஒரு விலை வச்சு, ஆளாளுக்கு கத்துனதும் குறைச்சாங்க. அப்ப குறைச்ச விலை ஏர்டெல்ல 84 நாளைக்கு 469, அதுல 900 எஸ்எம்எஸ், 365 நாளைக்கு 1849, அதுல 3600 எஸ்எம்எஸ். ஜியோல 84 நாளைக்கு 448, 1000 எஸ்எம்எஸ், 336 நாளைக்கு 1748, 3600 எஸ்எம்எஸ். கால் எல்லாத்துலயும் அன்லிமிடெட். விலை அப்பப்ப மாறும், ரீசார்ஜ் பண்ற அன்னைக்கு பாத்துக்கங்க. 336 நாளும் 365 நாளும் ஒண்ணுன்னு நெனச்சிராதீங்க, அங்க ஒரு மாசம் காணாம போகுது. 28 நாள் பிளான்ல போனா வருஷத்துக்கு 13 தடவை ரீசார்ஜ், ஒரு தடவை 200 ரூபான்னு வச்சாலே 2600. அதுவும் தவிர ஊர்ல இல்லாத பையன் 28 நாளைக்கு ஒருக்கா ஞாபகம் வச்சு போடணும், ஒரு வாட்டி மறந்தா அப்பா போன் ஊமை.

இந்த பிளான் எல்லாம் ஆப்ல மேலேயே தெரியாது, கீழ கீழ தள்ளிட்டு போகணும். கடைல கேட்டா "அப்படி பிளானே இல்லண்ணே"ம்பாங்க. இருக்கு, விடாதீங்க.

3600 எஸ்எம்எஸ்னா நாளைக்கு பத்து, நிறையன்னுதான் தோணும், ஆனா தமிழ்ல அனுப்புறவங்களுக்கு கணக்கு வேற. இங்கிலீஷ் எழுத்துல ஒரு எஸ்எம்எஸ்ல 160 எழுத்து போகும், தமிழ்ல 70தான். அந்த 70ம் நாம எண்ணுற எழுத்து இல்ல, கால் கொம்பு புள்ளி எல்லாத்தையும் போன் தனித்தனியா எண்ணும். "சாப்பிட்டாச்சா"ன்னு அடிச்சா நமக்கு ஏழெழுத்து, போனுக்கு பதினாலு. கொஞ்சம் நீட்டி நாலு வரி எழுதுனா ரெண்டு மூணு எஸ்எம்எஸ்ஸா கழிஞ்சிரும். இத அப்பாட்ட சொன்னதும் "அப்ப தந்தி மாதிரிதானடா"ன்னு ஒரே குஷி, வார்த்தைய வெட்டி வெட்டி எழுத ஆரம்பிச்சிட்டாரு. தங்கிலீஷ்ல அடிச்சா மிச்சம் ஆகும்தான், அவரு செய்ய மாட்டாரு, அந்த பேச்சே எடுக்க முடியாது. பிளான்ல இருக்குற எஸ்எம்எஸ் தீந்தா மெயின் பேலன்ஸ்ல பிடிப்பாங்க, அதனால ஒரு பத்து இருபது ரூபா டாப்அப் போட்டு வைக்கிறது நல்லது.

நம்பர் மாத்தாம கம்பெனி மாறுறதுக்கு 1900க்கு போர்ட்னு (பி ஓ ஆர் டி) இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு நம்பர போட்டு அனுப்பணும், எட்டு எழுத்துல ஒரு கோட் வரும், நாலு நாள்தான் உயிரு, அதுக்குள்ள ஆதாரோட புது கம்பெனி கடைக்கு போகணும். அப்பாவையும் கூட்டிட்டு போகணும், அங்கேயே போட்டோ எடுப்பாங்க. பழைய சிம்ல இருக்குற பேலன்ஸ் கூட வராது, அதனால ரீசார்ஜ் முடியப்போற நேரமா பாத்து செஞ்சேன். பென்ஷன், கேஸ், ரேஷன், ஈபி எல்லாத்துலயும் இந்த நம்பர்தான் குடுத்திருக்கு, நம்பர் மாறியிருந்தா ஒவ்வொரு ஆபீஸா அலையணும்.

போனுக்கு வருவோம். மதுரை ஆரப்பாளையத்துல எறங்கி டவுன்ஹால் ரோடு பக்கம் போய் கடை கடையா ஏறுனோம். மொத கடைல "ஐயாவுக்கு நாலாயிரத்துல நல்ல டச் போனே வந்துரும்"னு ஆரம்பிச்சாங்க, எறங்கிட்டோம். அடுத்த கடைல பையன் பொறுமையான ஆளு, நாலஞ்சு மாடல எடுத்து டேபிள்ல பரப்பி வச்சான். நோக்கியா, எச்எம்டி, ஐடெல், லாவான்னு எல்லாம் இருந்துச்சு. 2ஜி மாடல் ஆயிரத்து சொச்சம், 4ஜி ரெண்டாயிரம் பக்கம்.

இங்கதான் முக்கியமான விஷயம். இந்தியால விக்கிற எந்த போனா இருந்தாலும் 22 மொழிலயும் மெசேஜ் படிக்க முடியணும்னு ரூல் இருக்கு, ஆனா டைப் பண்றதுக்கு இங்கிலீஷ், இந்தி, கூட இன்னொரு இந்திய மொழி ஒண்ணு இருந்தா போதும். அந்த இன்னொண்ணு தமிழா இருக்கணும்னு இல்ல. அட்டைல "இந்திய மொழிகள்"னு போட்டிருக்குறத நம்பி வாங்கிட்டு வந்தா தமிழ் மெசேஜ் படிக்கலாம், பதில் போட முடியாது. அதனால டெமோ போன கைல வாங்கி, மெசேஜ்க்குள்ள போய், தமிழ் கீபேட மாத்தி அப்பாவையே அடிக்க சொன்னேன். ஒரு மாடல்ல தமிழ் இருந்துச்சு, புள்ளி எந்த பட்டன்னு கண்டுபிடிக்கவே முடியல, ஸ்டாரா ஒண்ணா சைபரான்னு அமுக்கி அமுக்கி பாத்து அவருக்கே சிரிப்பு வந்துருச்சு. இன்னொண்ணுல புள்ளி உடனே கிடைச்சுது, ஆனா திரை குட்டி, 1.8 இன்ச், கண்ணாடிய ஏத்தி எறக்கி பாத்துட்டு வேணாம்னுட்டாரு. கடைசில 2.4 இன்ச் திரை, மெசேஜ்ல எழுத்த பெருசாக்குற செட்டிங், பட்டன் மேடு தடவுனா தெரியுற மாதிரி ஒண்ணு அமைஞ்சுது. அதுல அவரு அடிச்ச மொத மெசேஜ் எனக்குத்தான், பக்கத்துலயே நிக்கிறேன், "விலை கேள்"னு வந்துச்சு.

வாங்குறதுக்கு முன்னாடி இன்னும் சிலது பாத்தேன். பேட்டரி கழட்டுற மாதிரியா, அதே பேட்டரி ஊர்ல கிடைக்குமா. சார்ஜர் பின் வீட்ல இருக்குற வயருக்கு சேருமா. 5 இல்லாட்டி 9 பட்டன ரொம்ப நேரம் அமுக்குனா அவசர உதவி நம்பர் 112க்கு கால் போகுமான்னு, 2017லேர்ந்து விக்கிற பட்டன் போன் எல்லாத்துலயும் இது இருக்கணும், எந்த பட்டன்னு அப்பாவுக்கு அங்கயே காட்டிட்டேன். ஸ்டார் ஹேஷ் சைபர் ஆறு ஹேஷ் அடிச்சா வர்ற ஐஎம்இஐ, அதாவது போனோட அடையாள நம்பர், அட்டைல இருக்குறதோட ஒத்துப்போகுதான்னு பாருங்க. சந்தேகம்னா கேஒய்எம்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு அந்த நம்பர போட்டு 14422க்கு அனுப்புனா போனோட விவரம் வரும். எங்களுக்கு சரியா வந்துச்சு. பில் கேட்டதுக்கு மட்டும் பையன் ஒரு மாதிரி பாத்தான், கேட்டு வாங்குங்க, வாரண்டிக்கு அதுதான்.

வீட்டுக்கு வந்து செட் பண்றதுல சின்ன சின்ன தலைவலி. நம்பர எல்லாம் சிம்ல சேவ் பண்ணா தமிழ் பேரு பாதில வெட்டிப்போகுது, அதனால எல்லாத்தையும் போன்லயே சேவ் பண்ணேன். செட்டிங்ல வோல்டி ஆன்ல இருக்கான்னு பாருங்க, அது ஆஃப்ல இருந்தா காசு குடுத்து 4ஜி போன் வாங்கியும் 2ஜிலதான் பேசுவீங்க. ஸ்பீட் டயல்ல ரெண்ட அமுக்குனா நான், மூணு அக்கா.

பெரிய விஷயம் மெசேஜ் மெமரி. இந்த போன்ல எல்லாம் குறிப்பிட்ட அளவுதான் மெசேஜ் நிக்கும், ஃபுல் ஆச்சுன்னா புதுசு உள்ள வராது, பேங்க் ஓடிபியும் வராது, காரணம் தெரியாம முழிச்சிட்டிருப்போம். அத ரொப்புறது லோன் வேணுமா நிலம் வேணுமான்னு வர்ற விளம்பரம்தான். ஸ்டார்ட்னு இங்கிலீஷ்ல அடிச்சு ஒரு இடம் விட்டு சைபர் போட்டு 1909க்கு அனுப்பிருங்க, விளம்பரம் நின்னுரும், பேங்க் மெசேஜுக்கு ஒண்ணும் ஆகாது. உடனே நிக்காது, சில நாள் ஆகும். இன்னொரு வசதி, 2025லேர்ந்து மெசேஜ் அனுப்புறவங்க பேருக்கு கடைசில ஒரு எழுத்து வருது, பி வந்தா விளம்பரம், எஸ்ஸும் டியும் வந்தா சேவை, பணம் சம்பந்தப்பட்டது, ஜி வந்தா கவர்ன்மென்ட். பி வந்தா படிக்காமலே அழிச்சிருங்கப்பான்னு சொல்லி குடுத்துட்டேன், சாயங்காலம் தபால் பிரிக்கிற மாதிரி உக்காந்து பிரிச்சிட்டிருக்காரு.

இப்ப ஒரே ஒரு பிரச்சனை சொந்தக்காரங்கதான். ஒருத்தருக்கும் எஸ்எம்எஸ் அனுப்புற பழக்கமே இல்ல, "வாட்ஸ்அப்ல போட்டேனே மாமா பாக்கலியா"ங்குறாங்க. உங்க டேட்டா பிளான்லயே தினம் 100 எஸ்எம்எஸ் சும்மாதான கெடக்கு, அதுல ஒண்ணு அவருக்கு போடுங்கன்னு ஒவ்வொருத்தருக்கா சொல்லிட்டிருக்கேன். அக்கா பையன் போட ஆரம்பிச்சிருக்கான், வரிக்கு நாலு எமோஜி வேற, அது இந்த போன்ல வெறும் கட்டமா வருது. அப்பா அதுக்கு பதில் போட்டாரு, "கட்டம் ஏழு வந்தது. விஷயம் வரவில்லை."