சர்வே எண்ணைத் தரத் தயங்கிய தரகர்கள்

தாம்பரத்தை அடுத்த பகுதியில் பழைய தனி வீடு ஒன்றை வாங்குவதற்காக நானும் என் மனைவியும் ஏழு மாதங்கள் அலைந்தோம். அதற்குள் ஆறு தரகர்களோடு பேசியிருப்போம். ஆறு பேருமே முதல் நாளிலேயே, "பேப்பர் எல்லாம் கிளியர் சார், லோனுக்கும் பிரச்சினை வராது" என்று உறுதி சொன்னார்கள். சர்வே எண்ணையும் பத்திர எண்ணையும் கேட்டால் மட்டும், "டோக்கன் அட்வான்ஸ் போடுங்கள், ஜெராக்ஸ் தருகிறேன்" என்று பேச்சு மாறிவிடும்.

அந்த வீடுகளில் ஏதோ குறை இருப்பதால்தான் மறைக்கிறார்கள் என்று முதலில் எண்ணினேன். வயதில் மூத்த தரகர் ஒருவர்தான் உண்மைக் காரணத்தைச் சொன்னார்: "நம்பரைக் கொடுத்தால் ஓனரை நேரே பிடித்து முடித்துவிடுகிறார்கள், தம்பி. இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன்." அவர் அச்சம் நியாயமானது என்று எனக்குப் பட்டது. எந்த வழியில் இந்த வீட்டை வாங்கினாலும் பத்திரப் பதிவு நாளன்று ஒரு சதவீதத் தரகுத் தொகையைத் தருவோம் என்று வெள்ளைத் தாளில் எழுதி, இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்தோம். அன்று மாலையே பட்டா நகலும் தாய்ப்பத்திரத்தின் (சொத்தின் முந்தைய உரிமைப் பத்திரம்) நகலும் வாட்ஸ்அப்பில் வந்து சேர்ந்தன. பிறகு மற்றவர்களிடமும் இவ்வாறே எழுதிக் கொடுத்தோம். பெரும்பாலோர் இறங்கி வந்தார்கள். 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பதிவு செய்யப்பட்ட புதிய திட்டங்களை விற்கும் முகவர்கள்தாம் ஆணையத்தில் பதிவு பெற்று ஆவண விவரங்களை வாங்குபவருக்குக் கிடைக்கச் செய்யக் கடமைப்பட்டவர்கள்; தனிநபர் விற்கும் பழைய வீட்டில் நாமே கேட்டுப் பெற்றால்தான் உண்டு.

எண்கள் கைக்கு வந்தபின் பதிவுத் துறையின் இணையதளத்தில் வில்லங்கத்தையும் (சொத்தின் மீது பதிவான ஆவணங்களின் பட்டியல்), வருவாய்த் துறையின் தளத்தில் பட்டாவையும் வீட்டிலிருந்தே பார்த்துவிட முடிந்தது. "அரை கிரவுண்டு" என்று சொல்லப்பட்ட ஒரு மனை, பத்திரத்தில் அதற்கேற்ற 1,200 சதுர அடியாகவும், பட்டாவில் 101 சதுர மீட்டராகவும், அதாவது ஏறத்தாழ 1,090 சதுர அடியாகவும் இருந்தது. தரகர் பொய் சொல்லவில்லை. உரிமையாளர் சொன்னதை அப்படியே நம்மிடம் சொல்லியிருந்தார்.

எங்களை அதிகம் கலங்க வைத்தது இன்னொரு வீடு. வில்லங்கச் சான்றில் 1984ஆம் ஆண்டுக் கிரையத்துக்குப் பிறகு ஒரு பதிவுகூட இல்லை. நாங்கள் மகிழ்ந்தோம், எங்கள் வழக்கறிஞரோ அதையே சந்தேகத்தோடு பார்த்தார். வாங்கியவர் காலமாகியிருக்க, விற்க வந்தவர் அவருடைய மகன். மரணமோ வாரிசுரிமையோ வில்லங்கச் சான்றில் தெரியாது. பதிவான ஆவணங்கள் மட்டுமே அதில் வரும். "ஒரே பையன்தான் சார்" என்று தரகர் சொல்லியிருந்தார். வாரிசுச் சான்றிதழைக் கேட்டு வாங்கிப் பார்த்தபோது தாயின் பெயரும் திருமணமான இரண்டு மகள்களின் பெயர்களும் அதில் இருந்தன. "கல்யாணத்திலேயே செய்ய வேண்டியதைச் செய்துவிட்டோம்" என்றார் மகன். ஆனால் தந்தை சுயமாகச் சம்பாதித்து உயில் எழுதாமல் விட்டுச்சென்ற சொத்தில், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் மகனுக்கும் மகள்களுக்கும் சம பங்கு உண்டு. தாயும் மகள்களும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதித் தர வேண்டும், அல்லது கிரையப் பத்திரத்தில் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். ஒரு மகள் சம்மதிக்கவில்லை. அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது என்று இன்றும் நினைக்கிறேன். டோக்கன் கொடுக்காததால் நஷ்டமின்றி விலகினோம்.

இறுதியில் வாங்கிய வீட்டை அந்த மூத்த தரகரே காட்டினார். நாங்கள் வில்லங்கம் பார்ப்பதற்கு முன்பே, வீட்டின் பேரில் வங்கிக் கடன் பாக்கி இருப்பதையும் அசல் பத்திரங்கள் வங்கியில் இருப்பதையும் தாமாகவே சொல்லிவிட்டார். பின்னர் பார்த்த வில்லங்கச் சான்றிலும் கடனுக்காகப் பத்திரங்களை வங்கியிடம் கொடுத்ததைக் காட்டும் உரிமை ஆவண ஒப்படைப்பு பதிவாகியிருந்தது. அவர் மீது நம்பிக்கை வந்தது அந்த நிமிடத்தில்தான். அனுமதிக்கப்பட்ட கட்டட வரைபடத்தைக் கேட்டபோதும் தயங்காமல் கொண்டுவந்தார். மாடிக்கும் அனுமதி இருந்தது. உரிமையாளர் கடனை அடைத்து, அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்தபிறகு எங்கள் கிரையம் பதிவானது.

அன்றே சார்பதிவாளர் அலுவலக வாசலில் தரகுத் தொகையைக் கொடுத்தோம். எழுதிக் கொடுத்திருந்த தாளைத் திருப்பித் தந்த அவர், அடுத்து வருகிறவர்களிடம் காட்ட அதன் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.