விடுவதற்கென்று விற்ற மீன்கள்

சிங்கப்பூரில் ஒரு மீன் கடையில் நாலு வருஷம் வேலை பார்த்தேன். சாப்பிடுகிற மீன் இல்லை, தொட்டி மீன். விடியற்காலையில் மலேசியாவிலிருந்து ஜொகூர் பாலம் தாண்டி வந்து சேர்ந்ததும், ராத்திரி செத்து மிதக்கிறதையெல்லாம் வாடிக்கையாளர் கண்ணில் படுவதற்குள் வலையில் அள்ளிவிட வேண்டும். அப்புறம் வாளி வாளியாகத் தண்ணீர் மாற்ற வேண்டும். மீன் கடை வேலை என்றால் முக்கால்வாசி தண்ணீர் தூக்குகிற வேலைதான், இது வெளியில் யாருக்கும் தெரியாது.

பௌத்தர்கள் கொண்டாடும் விசாக தினத்துக்கு முந்தின வாரம் முதலாளி இரை மீனை இரண்டு மடங்காக வரவழைப்பார். இரை மீன் என்பது அரோவானா என்கிற பெரிய தொட்டி மீனை வளர்ப்பவர்கள் அதற்குத் தீனியாக வாங்கிப் போகிற பொடி மீன். அந்த ஒரு வாரம் மட்டும் அதை வாங்க வருகிற ஆட்களே வேறு, பெரும்பாலும் வயதான சீன ஆன்ட்டிகள். ஃபாங்ஷெங் என்பார்கள், பிடிபட்ட உயிரைத் திரும்ப விட்டுவிடுவது. சாவப்போகிற உயிரை விட்டால் புண்ணியம். ஆனால் அந்த வாரம் வந்து இறங்கிய கூடுதல் மீன்கள் விடப்படுவதற்கென்றே வரவழைக்கப்பட்டவை. நான்தான் பெட்டியைப் பிரிப்பேன், அதனால் எனக்குத் தெரியும்.

முதல் வருஷம் ஒரு ஆன்ட்டி முந்நூறு மீன் வாங்கிவிட்டு, பைகளைத் தரையில் வரிசையாக வைத்து அதன் மேல் குனிந்து ஏதோ முணுமுணுத்தார். எண்ணிப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். மந்திரம் சொல்கிறார் என்று கூட வேலை பார்த்த சீன அங்கிள் சொன்னார். புத்தம், தர்மம், சங்கம் மூன்றிலும் அந்த மீன்களுக்குச் சரணம் வாங்கிக் கொடுக்கிறாராம். விலங்காகப் பிறப்பது தாழ்ந்த பிறவிகளில் ஒன்று, அதற்குச் சீலம் காக்கவோ தானம் கொடுக்கவோ வழியில்லை, அதனால் மனுஷன்தான் அதன் காதில் போட்டுவிட வேண்டும், அடுத்த பிறவிக்கு ஆகும். பாலி மொழிப் பௌத்த நூல்களில் ஒரு தவளைக் கதை உண்டு. சம்பா நகரத்துக் குளக்கரையில் புத்தர் பேசிக்கொண்டிருந்தபோது அந்தக் குரலில் சொக்கிக் கிடந்த தவளை, ஒரு மாட்டுக்காரன் தெரியாமல் கோலை ஊன்றியதில் நசுங்கிச் செத்து, தேவலோகத்தில் போய்ப் பிறந்தது. அதற்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. குரல் பிடித்திருந்தது, அவ்வளவுதான்.

கிளம்பும்போது ஆன்ட்டி என்னிடம், "நல்லா உயிரோட இருக்கும்தானே?" என்று கேட்டார். இருக்கும் ஆன்ட்டி என்றேன். பொய். பையில் இருக்கிற தண்ணீருக்கும் நீர்த்தேக்கத்துத் தண்ணீருக்கும் சூடு வேறு, தன்மை வேறு. பையைக் கொஞ்ச நேரம் மிதக்கவிட்டுப் பழக்காமல் அப்படியே கவிழ்த்தால் மீன் அதிர்ச்சியிலேயே பாதி போய்விடும். மிச்சத்தைப் பீக்காக் பாஸ் தின்றுவிடும், அதுவும் யாரோ எப்போதோ கொண்டுவந்து விட்ட வெளிநாட்டு மீன்தான். செங்காது ஆமை இன்னும் மோசம். உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக விற்போம், சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு வளர்ந்து இருபது முப்பது வருஷம் கிடக்கும், இங்கேயே பிறந்து வளர்ந்த ஆமைகளின் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். இப்படி விடுவது சிங்கப்பூரில் சட்டப்படி குற்றம். விசாக தினத்தை ஒட்டி தேசியப் பூங்காக் கழக ஆட்களும் தொண்டூழியர்களும் நீர்த்தேக்கக் கரைகளில் நின்று எடுத்துச் சொல்வார்கள். கடையில் நாங்கள் யாரும் சொன்னதில்லை.

மூன்றாவது வருஷம் அதே ஆன்ட்டியிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். முக்கால்வாசி செத்துப்போகும் என்றேன். அவர் கோபப்படவில்லை. "இங்கேயே இருந்தா?" என்று மட்டும் கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இங்கேயே இருந்தால் எல்லாமே அரோவானா வயிற்றுக்குள். முந்நூறில் ஒன்று பிழைத்தாலும் அவர் கணக்கு சரிதானே. அது தப்பு என்று இன்றைக்கும் நினைக்கிறேன், ஏனென்றால் அவர் வாங்குவதால்தான் அடுத்த முந்நூறு வருகிறது. ஆனால் கையில் வலையோடு நின்றுகொண்டு அதைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? புத்தர் நூல்களிலும் கணக்கு இருக்கத்தான் செய்கிறது. மிருகத்துக்குக் கொடுத்தால் பலன் நூறு மடங்கு, ஒழுக்கம் கெட்ட மனுஷனுக்குக் கொடுத்தால்கூட ஆயிரம் மடங்கு என்று ஒரு சூத்திரம் பட்டியலே போடுகிறது.

இந்த விடுகிற வழக்கத்துக்கு ஆதாரமாகச் சொல்லும் கதைகளில் ஒன்று சுவர்ணபிரபாச சூத்திரம் என்கிற பௌத்த நூலில் வருகிறது, பஸ்ஸில் போகும்போது படித்தேன். ஜலவாகனன் என்று ஒரு வைத்தியர் மகன். வற்றிக்கொண்டிருந்த குளத்தில் பத்தாயிரம் மீன் துடிப்பதைப் பார்க்கிறான். அரசனிடம் இருபது யானை கேட்டு வாங்கி, ஆற்றிலிருந்து தோல் பைகளில் தண்ணீர் கொண்டுவந்து குளத்தில் கொட்டுகிறான், வீட்டிலிருந்து சாப்பாடு வரவழைத்துப் போடுகிறான், அப்புறம்தான் தர்மம் ஓதுகிறான். படித்தவுடன் எனக்குத் தோன்றியது, இவன் மீனைத் தண்ணீருக்குக் கொண்டுபோகவே இல்லையே, தண்ணீரை அல்லவா மீனுக்குக் கொண்டுவந்தான்! தினமும் வாளி தூக்கி முதுகு வலித்தவனுக்கு இது உடனே கண்ணில் படும்.

இந்தக் கதையை அங்கிளிடம் சொன்னேன், தெரியும் என்பதுபோலத் தலையாட்டினார். அவர் ஒருநாளும் மீன் வாங்கி விட்டதில்லை. சந்திர மாதத்தில் முதல் தேதியும் பதினைந்தாம் தேதியும் சைவம், செத்த மீனை அள்ளும்போது 'அமித்தோஃபோ' என்று அமிதாப புத்தரின் பெயர், அவ்வளவுதான் அவர் பக்தி. கடைக்குப் பின்னால் விரிசல் விழுந்து ஒட்டுப்போட்ட ஒரு பழைய தொட்டி கிடந்தது. வால் வளைந்த கப்பி மீன், ஒரு கண் இல்லாதது என்று விலை போகாததையெல்லாம் அதில் போட்டு வைப்பார். மத்தியானம் சாப்பிட்டு முடித்ததும் டப்பாவில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி அலசி, ஒட்டியிருந்த சோற்றுப் பருக்கையோடு அதில் கொட்டுவார். தொட்டி மீனுக்குச் சோறு போடக்கூடாது என்று எனக்குப் பாடம் நடத்தியவரே அவர்தான்.

ரொம்ப நாள் கழித்து, வேறு வேலைக்குப் போன பிறகு, வச்சகோத்தர் என்பவரிடம் புத்தர் சொன்னதைப் படித்தேன். பாத்திரம் கழுவின தண்ணீரைக் குட்டையில் கொட்டும்போது இங்கே இருக்கிற உயிர்கள் இதைத் தின்னட்டும் என்று நினைத்தால் அதுவும் புண்ணியம்தானாம். அங்கிள் அப்படி நினைத்துத்தான் கொட்டினாரா, இல்லை டப்பா கழுவக் குழாயடி வரை நடக்கச் சோம்பலா, அதை நான் கேட்டதில்லை. கேட்டால் சிரித்துவிட்டு, போய் அந்தப் பழைய தொட்டிக்குத் தண்ணீர் மாற்று என்றிருப்பார்.