33 மில்லிமீட்டர் செய்த வேலை

சமையலறைக் குழாய்க்கு வாஷர் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். மொட்டைமாடிக்குப் போய் டேங்கின் அவுட்லெட் வால்வை மூடினேன். முதலில் அசையவே இல்லை. பலம் கொடுத்துத் திருகினேன்; சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது, தண்ணீர் மட்டும் நிற்கவில்லை. பழைய பித்தளை கேட் வால்வு; சக்கரத்தைத் திருகினால் உள்ளே ஒரு தகடு இறங்கித் தண்ணீரை அடைக்கும் வகை. பல வருடமாக யாரும் தொடாததில் போர் தண்ணீரின் உப்பு படிந்து உள்ளே தகடு இறுகிப்போய், நான் திருகிய வேகத்தில் தண்டிலிருந்து கழன்றுவிட்டது.

"நாளைக்குக் காலைல வர்றேன், பால் வால்வா வாங்கி வைங்க சார்" என்றார் பிளம்பர். உள்ளே துளையிட்ட உருண்டை இருக்கும், கைப்பிடி வைத்த வால்வு அது. ஜிஐ பைப்பை, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாயை, அளந்தேன். வெளி விட்டம் 33 மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல். ஒண்ணேகால் இஞ்ச் என்றால் கிட்டத்தட்ட 32, சரி, அதுதான் என்று வாங்கிவந்தேன். பிளம்பர் பார்த்ததும் சிரித்துவிட்டார். அது ஒரு இஞ்ச் லைனாம். ஜிஐ பைப்பில் சொல்கிற அளவு வெளி விட்டம் கிடையாது. ஒரு இஞ்ச் பைப்பின் வெளி விட்டமே 33.7 மில்லிமீட்டர். கவர் பிரித்ததைக் கடைக்காரர் திரும்ப எடுக்கவில்லை. பைப்பைப் போட்டோ எடுத்துக் கடையில் காட்டியிருந்தாலே போதும்.

இதைவிடப் பெரிய கூத்து, வேலை நடக்கும்போது தண்ணீர் இல்லாமல் திண்டாடக் கூடாதென்று இரவே மோட்டார் போட்டு 1000 லிட்டர் டேங்க்கை நிரப்பி வைத்திருந்தேன். வால்வு இருப்பதே டேங்குக்குக் கீழே! குடம், டிரம், பக்கத்து வீட்டு வாளி வரை பிடித்தது போக மிச்சமெல்லாம் சாக்கடைக்குப் போயிற்று.

அறுக்காமலே கழற்ற உதவும் யூனியன் என்ற இணைப்பு வைக்காத லைன் என்பதால் பைப்பை அறுத்துத்தான் வால்வைக் கழற்ற முடிந்தது. அப்போது டேங்க் பக்கத்து நிப்பிள், அதாவது இரண்டு முனையிலும் மரை உள்ள குட்டிப் பைப், துருவில் ஒடிந்து உள்ளேயே சிக்கிக்கொண்டது. அதை ஆக்சா பிளேடால் கீறி எடுக்கவே முக்கால் மணி நேரம். அப்புறம் மரை வெட்டி, டெஃப்லான் டேப் சுற்றி, இந்த முறை யூனியனோடு மாட்டினார். மாட்டி முடித்தால் கைப்பிடி சுவரில் இடிக்கிறது. பால் வால்வுக்குக் கால் வட்டம் திரும்ப இடம் வேண்டும். முறுக்குவதற்கு முன்பே திருப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். திரும்பக் கழற்றி மாட்டினோம்.

கீசரை மட்டும் ஞாபகமாக அணைத்து வைத்திருந்தேன். தண்ணீர் விட்டதும் குழாய்கள் காற்றும் துருவுமாகக் கொஞ்ச நேரம் துப்பின. இப்போது மாதம் ஒருமுறை வால்வை மூடித் திறக்கிறேன். ஒண்ணேகால் இஞ்ச் வால்வு பரணில் கிடக்கிறது. வாஷரை மறுநாள்தான் மாற்றினேன்.